அமாவாசையில் கண்ட நிலா

தம்பி, நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. ஜெர்மனிக்குப் போன இந்த இரண்டு மாதத்தில் மூன்று தரம் தொலைபேசி எடுத்தாய். மூன்று தரமும் குளிரைப் பற்றியும் அங்கே தின்கிற பாணைப் பற்றியும் கதைத்தாய். கதைக்க வேண்டியதை நீயும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஆனால் இங்கே பலேர்மோவில், பல்லாரோ சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால், நம் சனம் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு, நான் நாலடி தள்ளிப் போனதும் அதையேதான் கதைக்கிறது. பெற்ற மகன் தகப்பனுக்கு வைத்த படையலைத் தாய்க்காரி காலால் உதைத்தாளாம். காலால் இல்லை, கையால். அரைகுறையாகத் தெரிந்தது முழுதாகத் தெரியட்டும் என்றுதான் இதை உன் விலாசத்துக்கு அனுப்பாமல் நம் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். பெயர் போடப் போவதில்லை. போடாவிட்டாலும் இந்த ஊரில் எல்லோருக்கும் விளங்கும்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நிதானமாகச் சொல்லலாம். உன் அப்பாவைக் கொண்டுபோய்ப் பதினாலு வருடம் ஆகிறது. உனக்கு அப்போது எட்டு வயது. ஊரில் றேடியோக் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வந்தவரைச் சந்தியில் மறித்து வாகனத்தில் ஏற்றியதை இரண்டு பேர் பார்த்தார்கள். ஏற்றியவர்களிடம் போய்க் கேட்டால், அப்படி ஒருவரை ஏற்றவேயில்லை என்றார்கள். சைக்கிள் வீட்டுக்கு வந்தது, அவர் வரவில்லை. உடம்பும் வரவில்லை, ஒரு துண்டுக் கடதாசியும் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கும் என் கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. இங்கே ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் ஆராத்தித் தட்டை நான் தொடப் போக, ஒரு பெண் மெல்ல அதை நகர்த்தி வைத்தாள். என் மனுசன் செத்ததற்கு நீங்கள் சாட்சியா என்று சபையில் வைத்தே கேட்டேன். அதற்குப் பிறகு சடங்குகளுக்கு என்னை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. நல்லதாகப் போய்விட்டது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பான். தகப்பன் இருக்கிறவன் இருக்க மாட்டான். இருந்தால் அது தகப்பனுக்குக் கூடாது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத தகப்பனின் மகன் என்ன செய்வான் என்று எந்த ஐயரும் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. அதை நானே முடிவு செய்தேன். வருடா வருடம் ஆடி அமாவாசை அன்று, பக்கத்து வீடுகளில் எல்லாம் பூசணிக்காயும் வாழைக்காயும் வேகும்போது, நான் வேண்டுமென்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சன்னலைத் திறந்து வைத்தேன், ஊரில் என்றால் ஒழுங்கை முழுக்க, இங்கே நம் அல்பெர்கேரியாப் பகுதி முழுக்க வாசம் போகட்டும் என்று. உன் சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய துண்டாகப் போட்டு, நீ தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பதினாலு வருடமும் நீ ஒரு சொல் சொல்லாமல் தின்றாய். உனக்கும் என் எண்ணம்தான் என்று நினைத்துவிட்டேன். கேட்கவில்லை.

நிலாவை உனக்குள் புகுத்தியவள் நான்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குள் புகுத்தியவர் உன் அப்பா. மனிதன் நிலாவில் கால் வைத்த அன்று காலை அவருடைய கடை வாசலில் சனம் நெருக்கியடித்து நின்றது. எனக்குப் பதினாறு வயது, ரியூசனுக்குப் போகிற வழியில் குடையோடு நின்று கேட்டேன். ஒரு பெரியவர், சிவபெருமான் சடையில் சூடிய சந்திரனில் சப்பாத்துக் காலோடு ஏறுவதா என்று கத்தினார். அப்பா சிரித்துக்கொண்டு, உள்ளே போக முதல் கழற்றச் சொல்லி வாசலில் ஒருத்தரும் நிற்கவில்லைப் போலிருக்கிறது ஐயா என்றார். பெரியவர் திருத்தக் கொடுத்த தன் றேடியோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆறு வருடத்துக்குப் பிறகு அப்பாவையே எனக்குப் பேசி வந்தார்கள். கலியாணம் முடிந்த வருடத்து ஆடி அமாவாசைக்கு, தன் தகப்பனுக்காக அவர் விரதம் இருந்தார். நிலா வெறும் கல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நீங்கள் இதற்கு மட்டும் ஏன் பட்டினி கிடக்கிறீர்கள் என்று சீண்டினேன். கல்லுக்கும் தகப்பனுக்கும் என்ன சம்பந்தம், நான் தகப்பனுக்கு இருக்கிறேன் என்றார். பிறகு, நான் மறக்கவே முடியாத ஒன்றைச் சொன்னார்.

"இஞ்சேரும், அமாவாசையிலையும் நிலா அங்கைதான் நிக்குது. வெளிச்சம் விழுற பக்கம் எங்களுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பதினாலு வருடம் தொங்கியிருக்கிறேன். உன்னையும் அதிலே தொங்க விட்டேன். பலேர்மோவுக்கு வந்த வருடம் உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் நீ ஒருவரோடும் கதைப்பதில்லை. நான் வேலையால் வரும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருப்பாய். என்ன செய்வதென்று தெரியாமல், ஒருநாள் பொழுதுபடும் நேரம் உன்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேற்கே மூன்றாம் பிறை தெரிந்தது. இப்போது அப்பாவும் இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார் என்றேன். மூன்றாம் பிறையைத் தேடிப் பார்ப்பது நல்லது என்பது நம் சனத்தின் நம்பிக்கை, அதனால் நல்ல விஷயம் சொல்ல நல்ல நாளாகப் பார்த்துத்தான் சொன்னேன். அன்றிரவு நீ சோறு கேட்டு வாங்கித் தின்றாய். பிறகு ஒரு வருடம், மாதா மாதம் மூன்றாம் பிறைக்கு நாங்கள் இருவரும் ஏறிப் போனோம்.

பதின்மூன்று வயதில் நீ விஞ்ஞானப் புத்தகத்தோடும் ஒரு உருளைக்கிழங்கோடும் ரோச் லைற்றோடும் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தாய். கிழங்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். எனக்குப் பாதி விளங்கவில்லை. கடைசியில் நீ சொன்னது விளங்கியது. "இஞ்சை பொழுதுபட்டு மூண்டாம் பிறை தெரியேக்கை அங்கை அது மறைஞ்சிடும் அம்மா. அப்பாவாலை பாக்கேலாது." பன்னிரண்டு மாதமும் நான் தேடித் தேடிக் காட்டியது, அவரால் எந்த வகையிலும் பார்க்க முடியாத நிலாவை. கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். நீ என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்தெந்த நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நிலா இரண்டு இடத்திலும் தெரியும் என்று மாதவாரியாக எழுதிக் கொண்டுவந்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாய். உடைந்த றேடியோவை அப்பா திருத்தி ஓட வைப்பதுபோல என் பொய்யைத் திருத்தி ஓட வைத்தாய். அன்று நான் அதை நிறுத்தியிருக்க வேண்டும். தாய் என்றால் அங்கே நிறுத்தியிருப்பாள். நான் அந்தத் தாளைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

ஒவ்வொரு வருடமும் புதுத் தாள் எழுதினாய். பதினெட்டு வயதில் நிறுத்தினாய். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்திய அந்தக் கோபமும் என்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் நான் அந்தப் பழைய தாளை வைத்துக்கொண்டு மூன்று வருடம் மொட்டைமாடியில் நின்றேன். நிலா வருடத்துக்குப் பதினொரு நாள் முந்தி வந்துவிடும், போன வருடத்துத் தாள் இந்த வருடத்துக்கு உதவாது என்று நீ சொன்னது நினைவில் இருந்தும் நின்றேன். ஒன்றும் தெரியாத வானத்தைப் பார்த்துவிட்டு உடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். காயப்போட்ட உடுப்பு எடுக்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய்.

உன் கலியாணப் பேச்சு வந்தது. பெண் நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளின் தகப்பன் ஜெர்மனியிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். குறை நினைக்கக் கூடாது, தை மாதக் கலியாணத்துக்கு அழைப்புக் காட் அடிக்க வேண்டும், மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்டார். அமரர் என்று போடுவதானால், அதற்கு முதல் ஒரு ஆடி அமாவாசையாவது மகன் செய்துவிட்டால் நல்லது, பெரியவர்கள் கேட்பார்கள் என்றார். எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் என்றால், எனக்குத் திட்டவும் வரவில்லை. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னேன். நீ ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை அன்று காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போக எழும்பினேன். உன் கட்டில் வெறுமையாக இருந்தது. குசினியில் ஒரு கிண்ணத்தில் குக்குஞ்சி ஊறிக்கொண்டிருந்தது. விரதம் முடிக்கும்போது காத்தோட்டிக்காய் பொரித்து வைப்பது ஊர் வழக்கம், அது இங்கே கிடையாது. இந்த நாட்டுச் சனம் உப்பில் போட்டு விற்கிற இந்தக் குக்குஞ்சிக்காய் அதன் சொந்தக்காரன், அதே கைப்பு. நம் ஆட்கள் சந்தையில் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆடி மாதத்தில் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள். ஆடி மாதத்தில் நம் வீட்டில் மட்டும் அதை வாங்கியதில்லை. கிண்ணத்தைப் பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டது. நீ கடலில் முழுகப் போயிருக்கிறாய். கலியாணக் காட்டில் ஒரு சொல் அச்சடிப்பதற்காக அப்பாவைக் கொன்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அப்படியே கிண்ணத்தைச் சன்னலால் எறியலாமா என்று வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

மக்வேதா தெருவில் நான் வீட்டுவேலை செய்கிற சிஞ்ஞோராக் கிழவியின் வீடு நாலாம் மாடி என்பது உனக்குத் தெரியும். அன்றுதான் சூரிய கிரகணம். கிழவிக்கு எண்பத்திரண்டு வயது, ஆனாலும் ஒரு கிழமையாக அதே கதைதான். காலையிலிருந்து றேடியோவை வைத்துக்கொண்டு பல்கனியில் கதிரை போட்டு இருந்தாள். கிரகண நேரத்தில் நாங்கள் சாப்பிட மாட்டோம், பார்க்கவும் மாட்டோம் என்று சொல்லி உள்ளே நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வெயில் ஒரு மாதிரி மங்கியது. தெருச் சத்தம் குறைந்தது. பல்கனியில் அவளுடைய எலுமிச்சைச் செடியின் நிழலுக்குள் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் பிறை பிறையாக, நூறு மூன்றாம் பிறை நிலத்தில் கிடந்தது. துடைப்பானோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா தன் இடுப்பெலும்பு எக்ஸ்றே படத்தை என் கையில் தந்து, இதற்குள்ளால் பார் என்றாள். அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கூடாது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்தேன்.

சூரியனில் முக்கால்வாசி இல்லை. அதை மறைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு வட்டம் நின்றது. அதுதான் அமாவாசை நிலா என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் எடுத்தது. நாற்பத்தாறு வயதுவரை ஒருநாளும் அதை நான் கண்டதில்லை. அப்பா சொன்னது சரி, அது அங்கேதான் நிற்கிறது. ஆனால் அவர் சொல்லாத ஒன்றும் தெரிந்தது. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இத்தனை வருடம் அவர் சொல்லை நினைத்தபோதெல்லாம், எங்களுக்குத் தெரியாத பக்கத்தில் வெளிச்சம் இருக்கிறது என்பதை மட்டும்தான் நினைத்தேன். எங்களைப் பார்க்கிற பக்கம் இப்படி இருட்டாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. பக்கத்தில் சிஞ்ஞோரா, இந்த நிழல் இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் நாட்டுப் பக்கம் போகுமாம், றேடியோவில் சொன்னார்கள் என்றாள். அப்போது அவரும் பார்ப்பார் என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. பத்து வருடத்துக்கு முன் உனக்குச் சொன்ன அதே பொய். எக்ஸ்றேயை அவள் மடியில் போட்டுவிட்டு, வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு என்னில் வந்த கோபம், வருகிற வழியில் உன்னில் ஏறிவிட்டது.

நீ எல்லாம் முடித்து வைத்திருந்தாய். யார் வீட்டு முற்றத்திலோ கேட்டு வெட்டிய வாழையிலை. சோறு, பூசணிக்காய், பருப்பு, பொரித்த குக்குஞ்சி. அப்பாவின் படத்துக்கு மாலை போடாமல் வெறுமனே வைத்திருந்தாய், அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. நீ என்னைப் பார்த்து, வந்து இருங்கோ அம்மா என்றாய். நான் இலையை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தேன். கறிச்சட்டியும் சேர்ந்து விழுந்து உடைந்தது, அந்தச் சத்தம்தான் கீழ்வீட்டுக்குக் கேட்டது. மாமனார் சொன்னார் என்று பெற்ற தகப்பனைக் கொன்றாயா என்று கேட்டேன். வேறும் என்னென்னவோ சொன்னேன். நீ குனிந்து சோற்றை ஒவ்வொரு பிடியாக அள்ளிக்கொண்டே சொன்னாய்.

"நான் அப்பாவைக் கொல்லேல்லை அம்மா. அவர் இருந்தால் எங்கையாவது சாப்பிடுவார். ஒருவேளை இல்லையெண்டால், பதினாலு வருசமா ஒருத்தரும் அவருக்குச் சோறு வைக்கேல்லை. அதுதான் வைச்சனான்."

நான் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அடுத்த கிழமை ஜெர்மனிக்குப் போகத் துறைமுகத்தில் ஜெனோவாக் கப்பல் ஏறும்போதும் நீ போயிட்டு வாறன் என்றாய், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பாணும் குளிரும்.

இப்போது கேள். எனக்கு உன்னில் கோபம், என்னைக் கேட்காமல் செய்ததற்கு. முதல் நாள் இரவு காயை ஊறப்போட்ட நேரம் என்னை எழுப்பியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் இலையைக் கவிழ்த்திருக்க மாட்டேன். பதினெட்டு வயதில் தாளை நிறுத்தியபோதும் இப்படித்தான், சொல்லாமல். நாளைக்கு உன் மனுசியிடம் இப்படி இருக்காதே. வாயைத் திறந்து சண்டை போடு. அவளை ஆற்றுவதற்காக என்று ஒரு பொய்யும் சொல்லாதே, சின்னப் பொய்யும் வேண்டாம். அதைத் திருத்தித் திருத்தி ஓட வைக்கிற வேலை பிறகு உன் பிள்ளைகளில் விழும், உன்னில் விழுந்தது போல. கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே. மீன் துண்டிலும் காட்டாதே. பதினாலு அமாவாசைக்கு உன் தொண்டையால் இறங்கின மீனை நினைத்தால் எனக்கு இப்போது என் கையே அருவருப்பாக இருக்கிறது. அதற்கு என்னை மன்னி. இலையைக் கவிழ்த்ததற்கும் மன்னி. மன்னிப்புக் கேட்கிறேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று எண்ணாதே.

சம்பந்தியாருக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன். கலியாணக் காட்டில் அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரரும் வேண்டாம், திருவும் வேண்டாம், வெறும் பெயர் போதும். பெரியவர்கள் கேட்டால் என்னிடம் அனுப்பச் சொன்னேன். அவர், அப்படியே செய்வம் என்றார். கலியாணத்துக்குக் குங்குமத்தோடும் தாலியோடும் வருவேன். சபையில் முன் வரிசையில் இருப்பேன். ஆராத்தித் தட்டை எவரும் என் கையிலிருந்து நகர்த்தட்டும் பார்க்கலாம்.

வருகிற ஆடி அமாவாசைக்கு லீவு எடுத்துக்கொண்டு இங்கே வா. நீ விரதம் இரு. நான் இருக்க மாட்டேன், மீனும் சமைக்க மாட்டேன். சோறு நான்தான் ஆக்குவேன். இலை ஒன்றுதான். நீ எதற்கு வைக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் எதற்கு வைக்கிறேன் என்று நீயும் கேட்கக் கூடாது. பசித்து வருகிற ஆளுக்கு வைக்கிறேன், எங்கிருந்து வந்தால் என்ன.

இன்னொன்று. அன்று நீ நிலத்தைத் துடைத்துவிட்டு வெளியே போனபிறகு, கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்த ஒரு குக்குஞ்சியை எடுத்துத் தின்று பார்த்தேன். ஒரே உப்பு. ஒரு இரவு ஊறப்போட்டால் போதாது, இரண்டு நாள் போட்டு, தண்ணீரை ஆறு தரமாவது மாற்ற வேண்டும். உப்புக் கூடினால் அப்பா தொடமாட்டார்.

அம்மா